கெக்கோவுக்கு ஐஸ்கிரீம் டப்பா வீடு

லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறவங்க, டெரேரியத்தை அழகுபடுத்துறதுக்கு முன்னாடி மூணு மறைவிடம் இருக்கான்னு பாருங்க. சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ச்சியான பக்கம் ஒண்ணு, ஈரமா ஒண்ணு.

குட்டிக்குக் கொட்டாங்குச்சியில வாசல் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால தேய்ச்சா போதும். வளர்ந்த கெக்கோ சுமார் 20 சென்டிமீட்டர் இருக்கும். அதுக்குப் பெரிய மண்சட்டியைக் கவிழ்த்து வைங்க.

மூணாவதுதான் முக்கியம். மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் பக்கவாட்டுல ஓட்டை போட்டு, உள்ளே ஈரமான டிஷ்யூ விரிங்க. தோல் உரிக்கும்போது ஈரம் பத்தலைன்னா, பழைய தோல் விரல்ல மோதிரம் மாதிரி இறுகி, ரத்த ஓட்டம் நின்னு, விரலே போயிடலாம்.

கல் அடுக்குறீங்களா? மண்ணுக்கு மேல வேண்டாம், கண்ணாடித் தளத்துலயே உட்கார வைங்க. கெக்கோ அடியில தோண்டினா கல் சரிஞ்சு நசுக்கிடும்.

டிஷ்யூ காயுதான்னு தினமும் தொட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.