விமர்சகர் கொணர்ந்த சட்டமூலம்



அரசியலிற் புகுந்த எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போது கவிஞர்களும் நாடகாசிரியர்களுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றனர். இலக்கிய விமர்சகர் ஒருவர் அமைச்சராகி, ஒரு மாநிலத்தையே உலுக்கிய சட்டத்தைக் கொண்டுவருவது அபூர்வம். கேரளத்தின் முதலாவது கல்வி அமைச்சர் பேராசிரியர் ஜோசப் முண்டசேரி அத்தகையவர். இன்றைய உரை அவரைப் பற்றியது.

திருச்சூரை அடுத்த கண்டசாங்கடவில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் 1903ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பௌதிகத்திற் பட்டம் பெற்றவர், பின்பு வடமொழியையும் மலையாளத்தையும் கற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுமாணிப் பட்டம் பெற்றார். திருச்சூர் புனித தோமையார் கல்லூரியில் 1952 வரை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம், கற்பித்தார். கேசரி பாலகிருஷ்ண பிள்ளை, எம். பி. பால் ஆகியோருடன் மலையாள விமர்சனத்தின் மும்மூர்த்திகளுள் ஒருவராக அவரை வைத்துப் பேசுவர். ‘காவ்யபீடிகா’, ‘மானதண்டம்’ முதலியன அவருடைய திறனாய்வு நூல்கள். மானதண்டம் என்றால் அளவுகோல். ‘புரொபசர்’ என்ற நாவலில் தனியார் கல்லூரி ஆசிரியரின் அவல வாழ்வை எழுதினார்.

முற்போக்கு இலக்கிய இயக்கத்தினுள் 1940களில் எழுந்த விவாதமொன்று அவரை நன்கு அடையாளங் காட்டும். உள்ளடக்கம் மக்கள் சார்பாக இருந்தாற் போதும் என்று கம்யூனிஸ்டுகள் வாதிட்டனர். முண்டசேரி இணங்கவில்லை. உருவச் செம்மை இல்லையெனில் நல்ல கருத்தும் இலக்கியமாகாது என்றார். ‘ரூபபத்ரதை’ என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எதிரணியில் நின்றவர்களுள் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடும் ஒருவர். அதே நம்பூதிரிப்பாடு 1957 ஏப்ரலில் முதலமைச்சரானபோது, மணலூர்த் தொகுதியில் வென்று வந்த முண்டசேரியிடமே கல்வி அமைச்சை ஒப்படைத்தார். கருத்து முரண்பட்டவரின் தகுதியை மதிக்கும் பண்பு அங்கே தெரிகிறது.

அன்றைய கேரளத்தில் பாடசாலைகள் பல கிறிஸ்தவ சபைகள், நாயர் சமுதாய அமைப்பு ஆகியவற்றினதும் தனியாரினதும் கைகளில் இருந்தன. ஆசிரியரின் வேலை முகாமையாளரின் தயவில் தங்கியிருந்தது. கையொப்பமிட்ட தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை வேறொன்று என்ற முறைப்பாடும் பரவலாக இருந்தது. முண்டசேரி 1957இற் கொணர்ந்த கல்விச் சட்டமூலம் இதைத் தொட்டது. சம்பளத்தை அரசே நேரில் வழங்கும்; ஆசிரியர் நியமனம் அரசாங்க சேவை ஆணைக்குழு தயாரிக்கும் பட்டியலிலிருந்து நடைபெறும்; தேவையேற்படின் பாடசாலை நிர்வாகத்தை அரசு பொறுப்பேற்கலாம் என்பன அதன் முக்கிய ஏற்பாடுகள்.

எதிர்ப்பு மூண்டது. சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களைத் தாமே நடத்த அரசியலமைப்பு உரிமை அளித்திருக்கிறதே என்ற கேள்வி வெறும் சாக்குப்போக்கன்று. குடியரசுத் தலைவர் இந்திய உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நிர்வாகத்தைப் பொறுப்பேற்கும் பிரிவுகள் சிறுபான்மையினர் உரிமையைப் பாதிக்கும் என்று 1958இல் நீதிமன்றம் கூறிற்று. ஆசிரியர் நியமனம் பற்றிய பிரிவை அது தள்ளிவிடவில்லை. திருத்தப்பட்ட சட்டமூலத்திற்கு 1959இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் தெருவிலோ ‘விமோசன சமரம்’ வெடித்தது. கத்தோலிக்க சபையும் மன்னத்து பத்மநாபன் தலைமையிலான நாயர் அமைப்பும் கைகோத்து நின்றன. 1959 ஜூலை 31இல் மத்திய அரசு அமைச்சரவையைப் பதவி நீக்கியது. கத்தோலிக்கராகப் பிறந்த பேராசிரியருக்குத் தம் சமூகத்தாரின் கோபமே முதன்மையாக வாய்த்தது.

பின் வந்த அரசு 1960இல் நியமன உரிமையை முகாமையாளரிடமே திருப்பிக் கொடுத்தது. சம்பளம் மட்டும் மீளவில்லை. அரசு உதவிபெறும் பாடசாலை ஆசிரியர் கேரளத்தில் இன்றும் திறைசேரியிலிருந்தே ஊதியம் பெறுகிறார்.

முண்டசேரி 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரானார். ‘கொழிஞ்ஞ இலகள்’, அதாவது உதிர்ந்த இலைகள், என்று தம் சுயசரிதைக்குப் பெயரிட்டார். 1977இல் மறைந்தார்.

அவருடைய அளவுகோலாலேயே அவரை அளப்போம். சட்டத்தின் உள்ளடக்கம் ஆசிரியனின் மானம், அதிற் குறையில்லை. அதன் உருவமோ எதிர்த்தரப்பின் நியாயமான அச்சத்தைத் தொடக்கத்திலேயே தணிக்கும் வகையில் அமையவில்லை. கவிதையில் உருவம் பிழைத்தால் வாசகன் ஏட்டை மூடிவிடுவான். சட்டத்தில் பிழைத்தாலோ ஆட்சியே கவிழலாம். ஆயினும் உள்ளடக்கத்தின் உண்மை அழியவில்லை. முகாமையாளரிடம் கைகட்டி நிற்காமல் மாதச் சம்பளம் பெறும் ஒவ்வோர் ஆசிரியரும் அதற்குச் சான்று. விமர்சன நூல்கள் பழசாகலாம். இந்தச் சான்று பழசாகவில்லை.