தாயின் குருதியும் சேயின் வளர்ச்சியும்

(வேங்கிக்காலில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் மேடையில் மகப்பேற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பள்ளிக்கு அனுப்புகின்ற பிள்ளையின் இதயமும் மூளையும் கணையமும் உருப்பெறுவது தாயின் வயிற்றில்தான். ஆகவே, கருவுற்ற காலத்தில் தாயின் குருதியில் சர்க்கரை மிகுந்தால் சேய்க்கு நேர்வது யாது, அதனைக் கண்டறியும் வழி யாது என்னும் இரண்டினை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

சர்க்கரை நோய் செல்வர்களின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. நாற்று நட்டு, மணிலா பிடுங்கி, சித்தாள் வேலை செய்து மெலிந்த பெண்ணுக்கு அது எப்படி வரும் என்று கேட்கிறார்கள். 2005 முதல் 2007 வரை நம் தமிழ்நாட்டில் 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், நகரை ஒட்டிய பகுதிகளில் 13.8 பேருக்கும், சிற்றூர்களில் 9.9 பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. சிற்றூரிலேயே பத்தில் ஒருவர்! ஆட்சியர் அலுவலகம் ஒருபுறமும் வயல்வெளி மறுபுறமுமாக இருக்கின்ற நம் வேங்கிக்காலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி, வயிற்றுக்குள் நடப்பதைக் காண்போம். தாய்க்கும் சேய்க்கும் நடுவே இருப்பது நஞ்சுக்கொடி. தாயின் குருதியிலுள்ள சர்க்கரை அதனைத் தடையின்றிக் கடந்து சேயை அடைகிறது. ஆனால் அச்சர்க்கரையை அடக்கியாளும் இன்சுலின் கடப்பதில்லை. கருவுற்ற ஐந்தாறு மாதங்களில் நஞ்சுக்கொடி சுரக்கும் சில நீர்கள் தாயின் இன்சுலினை வலுவிழக்கச் செய்கின்றன. இஃது எல்லாத் தாய்மார்க்கும் இயல்பு. பெரும்பாலோருடைய கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடு செய்துவிடும். ஈடு செய்ய இயலாதவருக்குச் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை சேய்க்கும் செல்கிறது. அப்போது சேயின் சின்னஞ்சிறு கணையம் இரட்டிப்பாக உழைத்துத் தானே இன்சுலினைச் சுரக்கிறது. கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர் பெடர்சன் 1950களிலேயே இதனை விளக்கினார்.

அவ்வளவு இன்சுலினும் சேயின் உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. தோளிலும் வயிற்றிலும் சதை போடுகிறது. தலை வெளிவந்த பின் தோள் சிக்கிக்கொள்வதும், கை நரம்பு இழுபட்டு ஊனமாவதும் இதனால் நேரலாம். கொழுகொழுவென்று நான்கு கிலோவில் பிறந்த பிள்ளையைக் கண்டு மகிழ்ந்து திருஷ்டி கழிக்கிறோமே, அந்தத் தாய்க்குச் சர்க்கரை பார்த்தார்களா என்று ஒரு சொல் கேட்க வேண்டும்.

ஆபத்து பிறந்தவுடன் நீங்கிவிடுவதுமில்லை. கொடியை அறுத்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோகிறது. சேயின் கணையமோ பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. சில மணி நேரத்தில் குழந்தையின் குருதியில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கலாம். குழந்தை நடுங்கும்; துவளும்; பால் குடிக்காது. கவனியாவிடில் வலிப்பு வந்து மூளையும் கெடலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதும், குழந்தையின் சர்க்கரையைச் சோதிப்பதும் இதற்காகவே. சேனை வைப்பதற்கு மாமன் வரட்டும் என்று முதற்பாலைத் தள்ளிப்போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இவையன்றி மூச்சுத் திணறலும் மஞ்சள் காமாலையும் இத்தகைய குழந்தைகளுக்கு மிகுதி. சர்க்கரை மிகவும் கட்டுமீறிய நிலையில், நிறைமாதத்தில் சேய் வயிற்றிலேயே இறந்துவிடுவதும் உண்டு. வளர்ந்த பிறகு உடற்பருமனும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பும் அப்பிள்ளைக்குக் கூடுதலே.

கருவுறும் முன்பே சர்க்கரை நோய் உள்ள பெண்களின் நிலை வேறு. முதல் எட்டு வாரங்களில் சேயின் இதயமும் தண்டுவடமும் உருவாகின்றன. நாள் தள்ளிப்போயிருப்பதைப் பெண் உணர்வதற்குள் அதில் பாதி முடிந்துவிடுகிறது. அவ்வேளையில் மிகுந்த சர்க்கரை அவ்வுறுப்புகளைக் குறைபடச் செய்யலாம். எனவே அப்பெண்கள் மருத்துவரிடம் காட்டிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின்னரே கருவுற வேண்டும். பெண்ணுக்குச் சர்க்கரை இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்து மணம் முடிப்பவர்களும், தெரிந்தபின் அவளைக் குத்திக்காட்டுபவர்களும் இதனைச் சிந்திக்க வேண்டும். மறைத்த பெண் மருந்தையும் மறைத்தே உண்கிறாள். பிறகு நிறுத்தியும் விடுகிறாள்.

கண்டறியும் வழி எளிது. அது எளிதானதற்கு நம் தமிழ்நாட்டு மருத்துவர் வி. சேஷய்யா முதன்மையான காரணம். 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வெறும் வயிற்றோடு வா, மீண்டும் ஒருநாள் வா என்றால் தொலைவிலிருந்து வரும் ஏழைப் பெண் மறுபடி வரமாட்டாள் என்பதை அவர் கண்டார். ஆகவே உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரேமுறை குருதி எடுக்கும் முறையை வற்புறுத்தினார். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. 2007இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை செய்ய ஆணையிட்டது. பின்னர் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் இம்முறையையே ஏற்றன. முதல் வருகையில் ஒருமுறையும், அப்போது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசில்லை. குடித்த அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். அதைச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

காசில்லை என்றேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் கூலிப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி. முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்றார்களே என்று இரண்டாவதற்கு வராமல் போவது பெரும்பாலும் இதனாலேயே. அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, பேற்றுக்கு முன்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலனுக்கே உகந்தது என்று வாதிட்டார். அவரும் சர்க்கரை நோயால் வருந்தியவர் என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். அந்த ஒருநாள் கூலியைக் கணவனும் மாமியாரும் பொருட்படுத்தலாகாது. இளைஞர்கள் அந்தப் பெண்ணை வண்டியில் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வரலாம். கர்ப்பிணிகளின் 24ஆவது வாரம் எப்போது என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுச் சங்க அலுவலகத்தில் எழுதி வைப்பதும், அந்தந்தப் பெண்ணின் இசைவோடு செய்வதாயின், நல்ல காரியமே.

சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால் பட்டினி கிடக்கச் சொல்வதில்லை. இரண்டு உயிருக்கு உண்கிறாய் என்று தட்டு நிறையச் சோறு போடுவதைக் குறைத்து, சிறுசிறு வேளைகளாகப் பிரித்துக் காராமணி, மொச்சை, முட்டை, கீரை, காய் இவற்றைக் கூட்ட வேண்டும். நம் ஜவ்வாது மலைச் சாமை நல்லதுதான்; அதுவும் அளவோடுதான். கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது என்பது சரியன்று. இரண்டு வாரத்தில் உணவாலும் நடையாலும் அடங்காவிட்டால் மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். ஊசி பிள்ளைக்கு ஆகாது என்று அஞ்சுகிறார்கள். முன்னரே சொன்னேன், இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. அது தாயிடமே தங்கிச் சேய்க்குச் செல்லும் சர்க்கரையைக் குறைக்கிறது.

பேற்றுக்குப் பின் பெரும்பாலோர்க்குச் சர்க்கரை இறங்கிவிடும். ஆயினும் பின்னாளில் நிலையான நோயாக வரக்கூடும். எனவே ஆறாவது வாரத்தில் மறுசோதனை உண்டு. இதற்கு மட்டும் வெறும் வயிற்றோடு வர வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசித் தவணை ஒன்றும் அதே ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அன்றே, சாப்பிடாமல் வந்து, தானும் குருதி கொடுத்துவிட்டுப் போகலாம்.