குடும்ப வரலாறும் அதற்குரிய சான்றுகளும்

"உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று எவரேனும் வினவும்பொழுது, வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் சற்றுத் தயங்கியே விடை கூறுகிறோம். பிறந்தது ஓர் ஊர். பிழைப்பது மற்றோர் ஊர். பாட்டனார் வாழ்ந்தது வேறோர் ஊர். குலதெய்வம் இருப்பதோ இவை மூன்றும் அல்லாத நான்காவது ஊர். நம் மக்கள் இதே வினாவை எழுப்பும்பொழுது செவிவழியாகக் கேட்டவற்றைச் சொல்லுகிறோமேயன்றி, சான்று காட்டிச் சொல்ல நம்மால் இயலுவதில்லை. அவ்வாறு சொல்லுவதற்குரிய ஏடுகளும் இடங்களும் எவை என்பதைக் குறித்தே இன்று சிறிது பேச விரும்புகிறோம். எடுத்துக்காட்டாக எங்கள் கரமனையையே கொள்வோம்.

கரமனை, திருவனந்தபுரத்தில் அதே பெயருடைய ஆற்றின் கரையில் அமைந்த பகுதி. நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை அங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. அத்திசையிலிருந்துதான் தமிழர் பலர் பல காலங்களில் திருவனந்தபுரத்திற்கு வந்து சேர்ந்தனர். மார்த்தாண்ட வர்மர் (1729–1758) ஆட்சியிலும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் பத்மநாபபுரத்தினின்றும் மாறிய காலத்திலும், எழுத்து வேலைக்கும் கோயிற்பணிக்கும் வந்தோர் உளர். பலராம வர்மர் (1798–1810) காலத்தில் குடியேற்றப்பெற்ற நெசவாளரால் அச்சாலையிலேயே பலராமபுரம் என்னும் நெசவூர் தோன்றிற்று. நாஞ்சில் நாட்டு வேளாளரும் வணிகரும் பின்னும் பலர் வந்தனர். இவர்களுடைய வழித்தோன்றல்களில் எத்தனையோ பேர் இன்று மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பரவியிருக்கின்றனர்.

எங்கள் குடும்பம் கரமனைத் தெரு ஒன்றில் ஐந்து தலைமுறை வாழ்ந்தது. உடன்பிறந்தார் மூவராகிய நாங்கள் இப்பொழுது மூன்று மாநிலங்களில் இருக்கிறோம். தந்தையார் மறைந்த பின், வீட்டை விற்பதற்காக ஒன்றுகூடியபொழுது, மச்சில் இருந்த மரப்பெட்டி ஒன்றைத் திறந்தோம். ஓலைக்கட்டு ஒன்று, வரவுசெலவுக் கணக்கேடு ஒன்று, நூலாற் கட்டிய பத்திரங்கள் சில, தந்தையார் கையெழுத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் ஆகியவை அதனுள் இருந்தன. பழைய காகிதம் வாங்குவோரிடம் அவற்றை எடைக்குப் போட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னதையும் மறைக்காமல் கூறவேண்டும்.

எங்கள் வீட்டில் வழங்கிய பெருமைக் கதை இது: மார்த்தாண்ட வர்மரின் தளவாயாகிய இராமய்யன் காலத்தில், அவரால் அழைக்கப்பெற்று வந்த குடும்பம் எங்களுடையது என்பர். இராமய்யன் 1756 ஆம் ஆண்டில் மறைந்தவர். ஆகவே நாங்கள் இருநூற்றெழுபது ஆண்டுகளாகக் கரமனையினர் என்றே எங்கள் மக்களுக்கும் சொல்லிவந்தோம்.

ஓலைக்கட்டில் கொள்ளுப்பாட்டனாரின் ஜாதகம் அகப்பட்டது. அதில் ‘௲௫௰௨ ௵’ என்று ஆண்டு குறிக்கப்பட்டிருந்தது. பழைய தமிழ்க் கணக்கில் ௲ என்பது ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. பத்தின் குறிக்கு முன் நிற்கும் எண்ணால் அதனைப் பெருக்கவேண்டும். ஆகவே அது 1052. ௵ என்பது ஆண்டின் குறி; ௴ மாதத்திற்கும் ௳ நாளுக்கும் உரியன. கணக்கேடுகளில் ௶ என்று கண்டால் பற்று என்றும், ௷ என்று கண்டால் வரவு என்றும் கொள்க. இந்தச் சில குறிகளை ஒருநாள் மாலையிற் கற்றுக்கொள்பவர், தம் வீட்டுப் பழைய ஏடுகளிற் பாதியைப் படிக்கத் தகுதி பெற்றுவிடுவர்.

அந்த 1052 கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் வழங்கிய இவ்வாண்டு, ஆவணி மாதமாகிய சிங்கத்திற் பிறப்பது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825 ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜாதகத்தில் கண்ட தை மாத நாள் ஜனவரியின் பிற்பகுதியில் விழுந்தது. எனவே 1052 உடன் 825 கூட்ட 1877 ஆயிற்று. ‘தாது வருஷம்’ என்றும் ஜாதகம் கூறிற்று. அறுபது ஆண்டுப் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருவன. ஆதலால் தாது என்ற பெயரை மட்டும் கொண்டு 1816 என்றோ 1876 என்றோ துணிய இயலாது. கொல்லம் ஆண்டும் வருடப் பெயரும் ஒத்து வந்ததனால் ஐயம் நீங்கிற்று. பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சி என்று இருந்தது.

தாது வருஷம் என்றவுடன் பெரியோர் பலருக்குப் பஞ்சம் நினைவிற்கு வரும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அது. தளவாயின் அழைப்பு எங்கே, பஞ்ச காலத்தில் தாமிரவருணிக் கரையிற் பிறந்த குழந்தை எங்கே? தொண்ணூறு வயது நிறைந்த அத்தையிடம் கேட்டோம். "ஊட்டுப்புரையில் பரிமாற வந்தார்கள் என்று பாட்டி சொல்லுவாள், அதை வெளியிற் சொல்லக்கூடாது என்பார்கள்" என்றார். திருவிதாங்கூர் அரசு அந்தணர்க்கு உணவளிக்க நடத்திய சாலைகளே ஊட்டுப்புரைகள். சித்தப்பாவுக்கு எங்கள் ஆராய்ச்சி பிடிக்கவில்லை. "இதையெல்லாம் எழுதிவைத்து யாருக்கு என்ன பயன்? இருக்கும் பெயரையும் கெடுக்கிறீர்களே" என்று கடிந்துகொண்டார்.

அவர் மற்றொரு தடையும் எழுப்பினார், அது நியாயமானது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பது நம் வழக்கம். குழந்தை கல்லிடைக்குறிச்சியிற் பிறந்தமையால், தாயின் பிறந்தகம் அவ்வூர் என்று ஆகுமேயன்றித் தந்தையின் குடும்பமும் அங்கிருந்தது என்று எவ்வாறு ஆகும்? ஒரு சான்றை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது என்பதை அன்று சித்தப்பாவிடம் கற்றோம்.

ஆகவே பத்திரங்களைப் பார்த்தோம். கேரளத்தில் சொத்துப் பத்திரத்தை ‘ஆதாரம்’ என்றும், அதற்கு முந்தியதை ‘முன்னாதாரம்’ என்றும் வழங்குவர். ஒரு வீட்டின் முன்னாதாரங்களைப் பின்னோக்கித் தொடர்ந்தால், வாங்கியவர், விற்றவர், அவர்தம் தந்தையர், இருப்பிடம், நான்கு எல்லைகள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். பாகப்பிரிவினைப் பத்திரமாயின் உடன்பிறந்தார் அனைவரும் ஓரிடத்திற் காணப்படுவர். எங்கள் வீட்டின் மிகப் பழைய முன்னாதாரம் கொல்லம் 1058 மேடம், அதாவது 1883 சித்திரையில் எழுதப்பட்டது. வாங்கியவரை, ‘கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து கரமனையில் பார்க்கும்’ என்று அது குறித்தது. பார்க்கும் என்றால் குடியிருக்கும் என்பது பொருள். சித்தப்பா அவ்வரியை இரண்டு முறை படித்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டிலுள்ளவை தீர்ந்த பின்பே வெளியிற் செல்லவேண்டும். திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தின் மத்திய காப்பகம் உளது. பத்மநாபசுவாமி கோயில் தொடர்பான மதிலகம் ஆவணங்கள் அங்குப் பேணப்படுகின்றன. ஓலைகளைச் சேர்த்துச் சுருட்டிய சுருணைகளும் அங்கே மிகப் பல. அக்காப்பகத்தின் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் 2022 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்க. அவ்வோலைகளிற் பல வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகிய பழைய எழுத்துக்களில் உள்ளவை. தமிழும் மலையாளமும் அறிந்தவர்க்கும் அவை எளிதில் விளங்கமாட்டா. எந்த ஊர், எந்த ஆண்டு, யார் பெயர் என்னும் மூன்றையும் குறித்துக்கொண்டு செல்பவர்க்கே காப்பகம் பயன்படும்.

தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் 1956 நவம்பர் 1 ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அப்பகுதிகளைப் பூர்விகமாக உடையவர்கள், தம் முன்னோர் திருவிதாங்கூர்க் குடிகளாய் இருந்தமையை மறவாது, திருவனந்தபுரத்திலும் தேடுதல் வேண்டும். திருநெல்வேலி, தஞ்சைப் பகுதியினர்க்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உறுதுணை. 1858 இல் அமைந்த இனாம் ஆணையம் தயாரித்த பதிவேடுகளில், மானிய நிலம் பெற்றிருந்தோரின் பெயர்களும் அம்மானியம் வந்த வழியும் கூறப்பட்டுள்ளன.

அச்சு நூல்களுள், நாகமையா 1906 இல் வெளியிட்ட திருவிதாங்கூர் அரசுக் கையேட்டையும், வேலுப்பிள்ளை 1940 இல் வெளியிட்டதையும் முதலிற் படிக்கலாம். கோபிநாத ராவ் தொடங்கிய திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் கல்வெட்டுக்கள் உள்ளன. இந்நூல்கள் நம் ஊரின் கதையைச் சொல்லும். நம் வீட்டின் கதையைச் சொல்லமாட்டா. மக்கள்தொகைக் கணக்கும் அத்தகையதே. 1875 முதற்கொண்டு திருவிதாங்கூரில் எடுக்கப்பட்ட கணக்குகளின் அறிக்கைகளில் தொகை உண்டு, ஆள்பெயர் இல்லை. இந்தியாவில் தனியாள் விவரங்களை வெளியிடாமல் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது.

கோயில்களும் ஆவணச் சாலைகளே. நகரத்தார் ஒன்பது கோயில்களின் வழியாகத் தம் குடும்பங்களைப் புள்ளி புள்ளியாகக் கணக்கில் வைத்திருக்கின்றனர். மற்றையோர்க்குக் குலதெய்வம் இருக்கும் ஊரே பூர்விகத்தைக் காட்டும் கைகாட்டி மரம். வடக்கே வாழ்வோர் ஹரித்துவாரத்திலும் கயையிலும் பண்டாக்களின் ஏடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். யாத்திரை வந்தோரை ஊர்வாரியாகப் பதிந்துவைப்பது அவர்கள் மரபு.

நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி வேளாளர்க்குத் தேடும் திசையே வேறு. அவர்களிடையே 1926 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை உரிமை மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது. தந்தை, பாட்டன் என்று ஏறிச்சென்றால் சொத்து ஆவணங்கள் பொருந்தா. தாய், தாயின் தாய், அவர்தம் உடன்பிறந்தார் என்று செல்லுதல் வேண்டும். ஏனையோர் ஆவணங்களிலோ பெண்களைக் காண்பதே அரிது. எங்கள் முன்னாதாரத்தில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. பஞ்ச காலத்திற் பிள்ளையைப் பெற்று, கைக்குழந்தையோடு கரமனைக்கு வந்த அவ்வம்மை யார்?

விடை தந்தையாரின் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. தர்ப்பணத்திற்காக அவர் பெயர்களை எழுதிவைத்திருந்தார். தந்தை வழியில் ஆடவர் மூவர், பெண்டிர் மூவர்; தாய் வழியில் அவ்வாறே அறுவர்; ஆகப் பன்னிரண்டு பெயர்கள். வீட்டில் வழங்கும் செல்லப் பெயர்களும் தர்ப்பணப் பெயர்களும் வேறுபடும் ஆதலின், இரண்டையும் அத்தையிடம் கேட்டு இணைத்துக்கொண்டோம். தந்தையாரின் கொள்ளுப்பாட்டி என்ற இடத்தில் அவ்வம்மையின் பெயர் இருந்தது. வேறெந்த ஏட்டிலும் அது இல்லை.

இங்கே நாம் கருதவேண்டிய ஒன்றுண்டு. தர்ப்பணம் மூன்று தலைமுறையோடு நிற்பது. தந்தையார் மறைந்தவுடன் அவர் பெயர் பட்டியலிற் புகும். உச்சியிலிருந்த பெயர்கள் விலகும். நாங்கள் செய்யும் தர்ப்பணத்தில் அவ்வம்மைக்கு இடமில்லை. அப்புத்தகம் எடைக்குப் போயிருந்தால், அவர் பெயர் உலகில் எங்குமே எஞ்சியிராது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலைமுறை மறையுந்தோறும் இவ்வாறு சில பெயர்கள் ஓசையின்றி உதிர்ந்துகொண்டே இருக்கின்றன.

ஆகையால், அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் முதலில் மூத்தோரிடம் அமர்ந்து கேளுங்கள். கேட்டதைக் கேட்டவாறே, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து எழுதுங்கள். ஓலைக்கட்டைக் கண்டால், அவிழ்க்குமுன் அடுக்கு மாறாதபடி கைப்பேசியிற் படம் எடுங்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளை வலிந்து பிரிக்கவேண்டா. பக்கவாட்டில் விளக்கை வைத்துப் படம் எடுத்தால், மை மங்கிய கீறல்களும் தெரியும். எழுதிய வரலாற்றில் மூன்று படிகள் எடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்வி என்றும், ஆவணத்திற் கண்டதை ஆவணம் என்றும் பிரித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஏட்டிலும் தளவாய்க் கதையை நீக்கவில்லை. ‘வீட்டில் வழங்கும் கதை’ என்ற தலைப்பில் எழுதியிருக்கிறோம். அதற்கு அடுத்த பக்கத்தில் ஜாதகமும் முன்னாதாரமும் அத்தை சொன்னதும் உள்ளன. அப்பக்கத்தின் கீழே சித்தப்பா தம் கையாலேயே தேதியிட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார்.