தெருநாயும் ஏழு தோட்டாக்களும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் கூடிய அவையில் துப்பறியும் படம் ஒன்றைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் நம் கவியரங்குகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒருவனைப் பற்றியே நான் பேசப் போகிறேன். வறுமையால் திருடனானவன் அவன். அவனைப் பாடும்போது நாம் பெரும்பாலும் இரண்டே வழிகளைத்தான் அறிவோம்: குற்றம் முழுவதையும் சமுதாயத்தின் தலையில் சுமத்திவிடுவது ஒன்று; அவனை ஒதுக்கிவிடுவது மற்றொன்று. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை எனக்குக் காட்டியது, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1949-இல் எடுத்த 'நோரா இனு' என்னும் படம். 'தெருநாய்' என்பது அதன் பொருள்.

கதை எளியது. டோக்கியோவில் முராகாமி என்னும் இளம் துப்பறிவாளன். நடித்தவர் தோஷிரோ மிபுனே. கோடை வெயிலில், நெரிசல் மிகுந்த பேருந்தில், அவனுடைய 'கோல்ட்' கைத்துப்பாக்கி களவு போகிறது. அதில் ஏழு தோட்டாக்கள். பணியிலிருந்து விலகக் கடிதம் கொடுக்கிறான், மேலதிகாரி ஏற்கவில்லை. களவு போன துப்பாக்கியால் யாரோ ஒருவன் வழிப்பறி செய்கிறான், பிறகு கொலையும் செய்கிறான். முராகாமியும், அனுபவம் முதிர்ந்த சாட்டோ என்பவரும் (தகாஷி ஷிமுரா) அவனைத் தேடுகிறார்கள்.

தேடும் நகரம் எத்தகையது? 1945 மார்ச்சில் ஒரே இரவின் குண்டுவீச்சில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பறிகொடுத்த நகரம். படம் எடுக்கப்பட்டபோது நாடு அன்னியப் படைகளின் ஆட்சியில் இருந்தது. 1952 வரை அந்நிலை நீடித்தது. அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் கள்ளச் சந்தையில். முராகாமி போரிலிருந்து திரும்பிய சிப்பாயைப் போலக் கந்தலுடுத்தி அச்சந்தையில் அலையும் பகுதி, பேச்சு அதிகமின்றி நெடுநேரம் ஓடுகிறது. அதன் பெரும்பகுதியை எடுத்தவர் உதவி இயக்குநர் இஷிரோ ஹோண்டா. மறைத்து வைத்த படக்கருவியோடு உண்மையான சந்தைக்குள் புகுந்து எடுத்தார். திரையில் நடக்கும் கால்களும் பல இடங்களில் மிபுனேயுடையவை அல்ல, அவருடையவை. (பின்னர் 1954-இல் 'கோட்ஜில்லா'வை எடுத்தவரும் இவரே.) இப்பகுதி நீளம் என்று குறை சொல்வார் உண்டு. எனக்கு அந்த நீளம் வேண்டும். அலைபவனின் களைப்பு நம் உடம்பில் ஏறாவிட்டால், பின்னால் வரும் எதுவும் நம்மைத் தொடாது.

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றது தொல்காப்பியம். வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. வழிபறிக்கும் ஆறலைகள்வர் அந்நிலத்து மாந்தர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டுவார். எரிந்து திரிந்துபோன அந்த டோக்கியோவில், எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருக்கும் அந்தக் கோடையில், எனக்கு இந்த நினைவு வராமல் இல்லை. பாலையின் உரிப்பொருளான பிரிவை இங்கே தேட வேண்டாம். பொருத்தம் அவ்வளவு தூரம் போகாது.

இனி, அந்தக் குற்றவாளி. யூசா என்பது அவன் பெயர். படம் முடியும் தறுவாய் வரை அவன் முகத்தை நாம் பார்ப்பதில்லை. அவன் தொட்ட பொருள்களே அவனை நமக்குச் சொல்கின்றன. துப்பாக்கியை வாடகைக்கு எடுக்க ஈடாக வைத்த அரிசிப் பங்கீட்டு அட்டை முதலில் கிடைக்கிறது. உண்ணும் சோற்றை அடகு வைத்து ஆயுதம் வாங்கியிருக்கிறான்! பிறகு, தமக்கை வீட்டில் அவன் ஒண்டியிருந்த பொந்து போன்ற இடமும், அங்கே கசங்கிக் கிடக்கும் ஒரு தாளும். தன்னைப் பின்தொடர்ந்து வந்த பூனைக்குட்டியைக் கொன்றதைப் பற்றி அதில் எழுதியிருக்கிறான். பிறகு ஒரு பெண்ணின் ஆடை. நடனக்காரி ஹாருமி கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து ஏங்கிய ஆடை அது. பறித்த பணத்தில் வாங்கித் தந்திருக்கிறான். அட்டை, தாள், ஆடை. ஒரு மனிதன் முழுவதும் இவற்றில் அடங்கிவிடுகிறான். நம்மில் சிலர் 'ஏழை' என்ற சொல்லைப் பத்து முறை எழுதியும் ஓர் ஏழையின் முகம் வருவதில்லை.

போரிலிருந்து திரும்பும் வழியில் யூசாவின் பயணப் பை களவு போயிற்று. அதிலிருந்தே அவன் வழி தவறினான் என்று தெரியவருகிறது. முராகாமியின் பையும் அவ்வாறே களவு போனது. அப்போது தானும் திருட நினைத்ததையும், அந்த இடத்தில் நின்று வேறு திசையில் திரும்பிக் காவல் பணியில் சேர்ந்ததையும் அவனே சொல்கிறான். இழப்பு ஒன்று, இருவர் சென்ற வழிகளோ வேறு. அதுமட்டுமன்று. யூசா ஒருமுறை துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கவே வந்தான். முராகாமியின் அவசரக் கைது அவனை விரட்டிவிட்டது. துரத்துபவனுக்கும் அந்தத் தோட்டாக்களில் பங்கு உண்டு. இருந்தும் படம் யூசாவை விடுவிக்கவில்லை. கொலையுண்ட பெண்ணின் கணவனுடைய கதறலையும் நாம் கேட்டாக வேண்டும்.

உச்சக் காட்சியை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். மழை பெய்து ஓய்ந்த காலையில், ஒரு ரயில் நிலையத்தில், சேறு படிந்த வெண்ணிற உடுப்பையும் இடது கையால் தீக்குச்சி உரசுவதையும் கொண்டு முராகாமி அவனை இனங்காண்கிறான். ஓட்டம் ஒரு தோப்பில் முடிகிறது. எஞ்சியவை மூன்று தோட்டாக்கள். ஒன்று முராகாமியின் கையில் பாய்கிறது. அருகே ஒரு வீட்டில் பியானோ பழகிக்கொண்டிருந்த பெண், ஓசை கேட்டுச் சன்னலருகே வந்து பார்க்கிறாள்; ஒன்றும் புரியாமல் திரும்பவும் வாசிக்கப் போய்விடுகிறாள். மற்ற இரண்டும் குறி தவறுகின்றன. இருவரும் சேற்றில் புரண்டு போராடி, விலங்கு பூட்டப்பட்டதும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து இரைக்கிறார்கள். சேறு மூடிய அந்த இரு உடல்களில் காவலன் யார், கள்வன் யார் என்று ஒரு கணம் தெரிவதில்லை. அப்பால் சிறுவர்கள் பாடிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்டதும் யூசா கதறத் தொடங்குகிறான். சொல்லில்லாத அழுகை. துயரக் காட்சிக்குத் துயர இசையைச் சேர்க்காமல், அதற்கு எதிரான ஒன்றை அருகில் வைத்த இத்துணிவு, இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது.

குரோசாவா முதலில் இக்கதையை நாவலாக எழுதினார். சிமெனோனின் துப்பறியும் கதைகளைப் போன்ற ஒன்றை அவர் விரும்பினார். பிற்காலத்தில் இப்படம் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. உத்தி மிகுந்துவிட்டது என்று கருதினார். ஆக்கியோன் தீர்ப்பை நாம் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

யூசா சுட்டதில் காயமுற்ற சாட்டோ இறுதியில் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறார். இன்னும் பலரைப் பிடிக்கப் பிடிக்க, யூசாவை நீ மறந்துவிடுவாய் என்ற பொருளில் இளையவனுக்கு ஆறுதல் சொல்கிறார். அவர் நல்லவர், சொல்வதும் அனுபவ உண்மையே. ஆனால் அதைக் கேட்டு நிற்கும் மிபுனேயின் முகத்தில் இசைவு இல்லை. மறப்பானா, மாட்டானா என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.