பெருந்தரவும் வணிகப் போட்டியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் பற்று ஏட்டை நாம் அனைவரும் அறிவோம். எந்த வீட்டில் விருந்து, எந்த வீட்டில் நோய், யாருக்கு மாதக் கடைசியில் கை வறண்டது என்பனவெல்லாம் அவ்வேட்டைப் புரட்டினால் விளங்கிவிடும். எனினும் நாம் அஞ்சுவதில்லை. அவர் போக்குப் பிடிக்காவிடின் அடுத்த தெருக் கடைக்குச் சென்றுவிடுவோம். ஊரில் அஃது ஒன்றே கடை என்றாகி, அவ்வேட்டைக் கொண்டு அவர் வேறு வாணிகமும் நடத்தத் தொடங்கினால் என்ன செய்வோம்? பெருந்தரவு என்று இன்று பேசப்படுவதும் அத்தகையதோர் ஏடேயாகும். வணிகப் போட்டியைக் காக்கும் ஆணையங்கள் அதில் தலையிடலாமா என்பதே நம் ஆராய்ச்சி.

2014-ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் வாட்ஸ்அப்பை விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. விலை 1,900 கோடி டாலர். கட்டடத்துக்கோ இயந்திரத்துக்கோ இவ்விலை தரப்படவில்லை. அன்று அச்செயலியைக் கையாண்ட ஏறத்தாழ 45 கோடி மக்களின் பழக்கத்துக்கே தரப்பட்டது. இரண்டின் கணக்குகளையும் நம்பத்தக்க முறையில் தானாகவே இணைத்தல் இயலாதென ஐரோப்பிய ஆணையத்திடம் அப்போது கூறப்பட்டது. ஆனால் 2016-இல் இணைப்புக்கு வழி செய்யப்பட்டது. தவறான தகவல் தந்தமைக்காக 2017 மே திங்களில் 11 கோடி யூரோ அபராதம் விதித்தனர். வாங்கியதோ வாங்கியதுதான்!

நம் நாட்டின் போட்டி ஆணையமும் முதலில் இதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 2016-ஆம் ஆண்டுக் கொள்கை பற்றிய முறையீட்டை, மறுக்கும் உரிமை பயனருக்குத் தரப்பட்டிருந்ததையும் கருதி, 2017-இல் தள்ளிவிட்டது. 2021-இல் வந்த புதிய கொள்கையிலோ அவ்வுரிமை இல்லை. ஏற்றுக்கொள், இல்லையேல் விலகு என்பதே அதன் சாரம். ஆணையம் தானே முன்வந்து விசாரித்து, 2024 நவம்பர் 18 அன்று 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர்வதற்கு 5 ஆண்டுத் தடையும் இட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை நிலைநிறுத்தி, அத்தடையை நீக்கியது. அபராதத்தைவிடத் தடையே பயனுடையது என்பது நம் கருத்து.

காசு வாங்காத பண்டத்தில் விலையேற்றம் ஏது என்று சிலர் வினவுவர். விலை ஏறாமலே பண்டத்தின் தரம் குறையக்கூடும் அன்றோ? நம் அந்தரங்கத்துக்கு இருந்த காப்புக் குறைந்தால் அதுவும் தரக் குறைவே. அந்தரங்கத்தைக் காக்கத் தனிச் சட்டம் உண்டே என்பர் வேறு சிலர். 2023-இல் இயற்றப்பெற்ற நம் தரவுக் காப்புச் சட்டம் பெரிதும் இசைவை அடிப்படையாகக் கொண்டது. வேறு போக்கிடம் இல்லாதவன் தரும் இசைவு எத்தகைய இசைவு? இவ்விரு துறைகளும் முற்றிலும் வேறல்ல என்பதை, ஜெர்மானியப் போட்டி ஆணையம் பேஸ்புக் மீது தொடுத்த நடவடிக்கை பற்றி 2023 ஜூலையில் எழுந்த ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பும் காட்டும். ஆதிக்கத்தை ஆராயுங்கால் தரவுக் காப்பு விதிகளையும் போட்டி ஆணையம் கருதலாம் என்றது அத்தீர்ப்பு.

ஆயினும் தரவு மிகுதியாக வைத்திருப்பதே குற்றமாகாது. திறமையால் பெருகிய ஏட்டைக் கிழித்தெறிவது நீதியன்று. புதிதாகக் கடை வைப்போரையும் அது அஞ்சச் செய்யும். ஆதிக்கம் உடையவர் ஓரிடத்தில் திரட்டியதை மற்றோரிடத்தில் போட்டியாளரை நசுக்கப் பயன்படுத்துங்கால்தான் ஆணையம் குறுக்கிட வேண்டும்.

இவ்வளவும் பேசும் நாம், இவ்விழாவின் அழைப்பை அதே செயலி வழியாகத்தான் உங்களுக்கு அனுப்பினோம்! வேறு செயலிக்குச் சென்று பார்த்தவர்கள் நம்மிடையே உண்டு. அங்கே பேச எவரும் இலர் என்று திரும்பிவிட்டனர். ஊரிலுள்ள அத்தையும் மாமாவும் இருக்குமிடத்தில்தானே நாமும் இருத்தல் வேண்டும்.

தொலைபேசியில் இந்நிலை ஓரளவு தீர்ந்தது. தமிழ்நாட்டு எண்ணோடு இங்கு வந்தவர்கள், 2015 ஜூலை முதல், எண்ணை மாற்றாமலே இவ்வூர் இணைப்புக்கு மாற முடிந்தது. எந்நிறுவனத்தில் இருந்தாலும் எவரோடும் பேசலாம். செய்திச் செயலிகளுக்கு இத்தகைய கதவை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் திறக்க முற்பட்டது. வாட்ஸ்அப் பிற செயலிகளுடன் செய்தி பரிமாற இடந்தர வேண்டும் என்ற கடமை 2024 மார்ச்சில் அங்கு நடைமுறைக்கு வந்தது. அத்தகைய விதியொன்றை நம் நாட்டிலும் நாம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.