பாதைக்குக் குறுக்கே மரம் நின்றால்



இன்றைக்குக் கொல்லிமலை, செம்மேடு சுற்று வட்டார மக்களை மனதில் வைத்துக்கொண்டு ஒரு விஷயம் பேசலாம் என்று இருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்களும் கேட்கலாம். மரமும் பாதையும் இல்லாத ஊர் ஏது?

ஊருக்குப் பொதுவாக ஒரு நடைபாதை போடப் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் சுற்றி வருகிற பாதையாக இருக்கலாம். அருவிக்கோ கோயிலுக்கோ போகிற பாதையாக இருக்கலாம். தார் ரோட்டிலிருந்து நம்ம குக்கிராமத்துக்குப் போகிற பாதையாகவும் இருக்கலாம். கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனால், கோட்டின் நடுவில் ஒரு பழைய பலா மரம் நிற்கிறது. பாட்டன் காலத்து மரம். மேஸ்திரி கேட்கிறார், "வெட்டிடலாமுங்களா?" என்று. கூடி நிற்பவர்களில் பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள். பாதிப் பேர் பேசாமல் நிற்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் மரம் கீழே கிடக்கிறது.

பாதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. காய்ச்சல்காரரைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போன கஷ்டம் மலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வாழைத்தார் சுமந்து வரும் பெண்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வழுக்காத ஒரு வழி வேண்டும். ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு வருகிற கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கும் வழி வேண்டியதுதான். ஆனால் நடைபாதை என்பது ரயில் தண்டவாளம் இல்லையே? நேராகத்தான் போக வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம்? காரவள்ளியிலிருந்து மேலே ஏறி வருகிற ரோடு 70 கொண்டை ஊசி வளைவு வளைந்துதான் நம்ம மலைக்கு வந்து சேருகிறது. மலைக்காக 70 தடவை வளைந்த ரோடு உள்ள ஊரில், ஒரு மரத்துக்காக ஒரு நடைபாதை ஒரு தடவை வளையக் கூடாதா?

வளைய முடியாத வேலையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு வங்காளத்தில் ஜெசோர் ரோடு என்று ஒரு பழைய சாலை, வங்காளதேச எல்லைக்குப் போவது. அதில் 5 ரயில்வே மேம்பாலம் கட்ட 356 மரங்களை வெட்ட வேண்டும் என்று வந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2018-ல் அனுமதி கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு வருஷத்துக்கு 74,500 ரூபாய், அதை மரத்தின் வயதால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று 2021-ல் சொன்னது. நூறு வயதைத் தாண்டிய பெரிய மரம் என்றால் ஒரு கோடியைக்கூடத் தாண்டலாம் என்றார்கள். அத்தனையும் கேட்ட பிறகும், 2023 பிப்ரவரியில் வெட்டலாம் என்றே தீர்ப்பு வந்தது. ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம், பாலமும் நினைத்த பக்கம் வளையாது. சரி, அது ஒரு நியாயம். நம்ம நாலடி நடைபாதைக்கு அந்த நியாயம் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

இந்த ரூபாய்க் கணக்கில் எனக்கு அவ்வளவாக ருசி இல்லை. கோடி ரூபாய் என்று கேட்டால் நம்ம ஆட்கள் சிரிப்பார்கள். நம்ம கணக்கு வேறு. பழைய பலா என்றால் மிளகுக் கொடிக்கு அதுதான் பந்தல், காப்பிச் செடிக்கு அதுதான் குடை. பொந்து இருந்தால் அதில் தேன் கட்டும், ஆந்தை குடியிருக்கும். அந்த ஆந்தை நம்ம சாமைக் கொல்லை எலியைத்தான் பிடிக்கிறது. இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலத்தில் வெட்டிப்போட்டு விட்டு, பதிலுக்குப் பத்துக் கன்று வைத்தோம் என்று சொல்கிறார்கள். வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. விதைப் பலாக்கன்று காய்க்கவே ஆறு ஏழு வருஷம் ஆகும். ஆடு மாடு வாய்க்குத் தப்பி, கோடைக்குத் தப்பிப் பத்தில் எத்தனை நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரிவில் நிற்கிற மரமானால் இன்னொரு சங்கதி இருக்கிறது. வெட்டின வருஷம் ஒன்றும் ஆகாது. மண் அப்படியே நிற்கும். "மரத்தை வெட்டினோமே, என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். மண்ணுக்குள்ளே வேர் இற்றுப்போக இரண்டு மூன்று வருஷம், சில மரத்துக்கு அதற்கு மேலும் பிடிக்கும். அதன் பிறகு வருகிற ஐப்பசி கார்த்திகை அடைமழையில்தான் மேட்டு மண் பாதையின் மேல் வந்து உட்காரும். அப்போது மரத்தை யாரும் நினைக்க மாட்டார்கள். மழையைத்தான் திட்டுவார்கள்.

அதனால் வெட்டுவதா வேண்டாமா என்று கையைத் தூக்கிக் கேட்பதற்கு முன்னால், மரத்தைப் போய்ப் பாருங்கள். ஒரு கயிறு கொண்டு போங்கள். மரத்தின் மார்பு உயரத்தில் கயிற்றைச் சுற்றி, சுற்றளவுக்குச் சரியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு கயிற்று நீளம், மரத்தின் அடியிலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும், அதற்குள் மண்வெட்டியே படக் கூடாது. மரத்தைச் சாயாமல் நிறுத்தி வைத்திருக்கிற தடி வேர்கள் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. அதே கயிற்றால் நாலு அளவு போனால், அது மரம் தண்ணீரும் சத்தும் எடுக்கிற வட்டம். 9 அடி சுற்றளவுள்ள மரம் என்றால் சுமார் 36 அடி. இந்தப் பெரிய வட்டத்துக்குள் பொக்லைன் இறங்கக் கூடாது, ஜல்லி, சிமெண்டு மூட்டை எதையும் குவிக்கக் கூடாது.

"அவ்வளவு தூரம் விலக இடம் ஏதுங்க?" என்று கேட்பீர்கள். இடம் இல்லாவிட்டால் பாதை பெரிய வட்டத்துக்குள்ளேயே போகட்டும், ஆனால் மண்ணைத் தோண்டாமல் போகட்டும். மேல் மண்ணைச் செதுக்க வேண்டாம். தரைக்கு மேலேயே சரளை பரப்பி, பலகைக் கல்லைப் பதித்துவிடுங்கள். கல்லுக்கு நடுவில் சிமெண்டுப் பூச்சு வேண்டாம். மழைத் தண்ணீர் இடுக்கில் இறங்க வேண்டும். வேர்களில் பெரும்பாலானவை மேலாக இரண்டு மூன்று அடி மண்ணுக்குள்தான் ஓடுகின்றன. அதை மறந்து, அரை அடி தோண்டிக் கான்கிரீட் போடுகிறவர்கள் மரத்தைக் கோடாலி இல்லாமல் வெட்டுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். டில்லியில் அடிமரம் வரைக்கும் கான்கிரீட் போட்டு மரங்களை நெரித்து வைத்திருந்ததைப் பார்த்து, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை எடுங்கள் என்று 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது.

மேடு பள்ளமான இடத்தில், மரத்துக்குக் கீழ்ப்புறம் மண்ணை வெட்டிப் பாதை எடுப்பதுதான் ரொம்ப ஆபத்து. மரத்தின் காலடியையே எடுத்த மாதிரி ஆகிவிடும். மேல்புறமாகக் கற்படி வைத்துப் போகலாம். ஆனால் சரிந்த மண்ணை அடிமரத்தில் குவித்துவிடாதீர்கள். அடிமரம் மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகும்.

கல்கத்தா பக்கம் ஹவுராவில் தாவரவியல் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே 250 வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரிய ஆலமரம். 1864-லும் 1867-லும் அடித்த புயலில் அடிபட்டு, காளான் நோய் பிடித்து, 1925-ல் நடு அடிமரத்தையே எடுத்துவிட்டார்கள். விழுதுகளை வைத்துக்கொண்டே மரம் பிழைத்தது. பூங்கா நடுவில் நிற்கிறதே என்று யாரும் அதை வெட்டவில்லை. சுற்றி 330 மீட்டருக்கு ஒரு ரோடு போட்டார்கள். இப்போது மரம் அந்த ரோட்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நம்ம பலாவுக்கு விழுது கிடையாது, அடிமரம் போனால் போனதுதான். அதனால் இன்னும் கவனம் வேண்டும்.

மரம் கெட்டுப்போயிருக்கிறது, பிள்ளைகள் தலையில் விழுந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சில சமயம் அது உண்மை, சில சமயம் கட்டைக்கு ஆசைப்பட்டுச் சொல்வது. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். கொடுவாளின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று கேட்டால் கட்டை நன்றாக இருக்கிறது, தொம் தொம் என்றால் உள்ளே கூடு. கூடு விழுந்த மரமெல்லாம் விழுந்துவிடாது. நடுவிலிருந்து பட்டை வரை உள்ள அளவில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை சுற்றிலும் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். மூங்கில் கூடாகத்தானே நிற்கிறது? ஆனால் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்து எதிர்ப்பக்கம் மண் வெடித்திருந்தாலோ அசட்டையாக இருக்கக் கூடாது. உடனே கயிறு கட்டி அந்த வழியை அடைத்துவிட்டு, வனத்துறைக்காரரையோ தோட்டக்கலை அலுவலரையோ அழைத்துக் காட்டுங்கள்.

பல மரத்துக்குக் குறை ஒரு காய்ந்த கிளையில்தான் இருக்கும். அதை மட்டும் எடுத்தால் போதும். எடுக்கும்போது ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால் கிளை பட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அதற்கு ஒரு சாண் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, மிச்சக் கட்டையைக் கடைசியில் அறுக்க வேண்டும். கிளை பிறக்கும் இடத்தில் உள்ள புடைப்பை விட்டுவிடுங்கள். புண்ணை மூடுவது அதுதான். தார் பூச வேண்டாம்.

வெட்டியே ஆக வேண்டிய மரம் என்றால், அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள். தமிழ்நாட்டு மலைப் பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. அது அமலில் உள்ள மலைகளில் பட்டா நிலத்து மரத்துக்கே குழுவின் அனுமதி வேண்டும். பொது இடத்து மரங்களுக்கு 2021-லிருந்து மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. கிராம சபையில் பேசித் தீர்மானம் எழுதும்போது, "மரம் இடைஞ்சல்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். சுற்றளவு என்ன, எந்தப் பக்கம் விலக இடம் இருக்கிறது, விலகினால் எத்தனை அடி கூடும், அதற்கு என்ன செலவு என்று எழுதுங்கள். பத்தடி கூடுதல் கல் பதிக்கிற செலவுதான் என்று தெரிந்தால் அங்கேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

அனுமதி கிடைத்து வெட்டினாலும் சரிவில் அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம், தரையோடு அறுத்து வேரை மண்ணிலேயே விடுங்கள். அது இற்றுப்போவதற்குள் பக்கத்திலேயே புதுக் கன்று வேர் பிடித்தாக வேண்டும். அதனால் கன்றை மரம் வெட்டின பிறகு வைப்பதைவிட, தீர்மானம் போட்ட வருஷமே, மழைக்கு முன்னால் குழி எடுத்து வைத்துவிடுங்கள். முள் வேலி கட்ட மறக்க வேண்டாம்.