காலி மாசம் இல்லாத நிலம்



"ஆசீர்வாதம்" பற்றிப் பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்றேன். பைபிளில் லேவியராகமம் 26-ம் அதிகாரத்தில் வருது. பருவத்தில் மழை பெய்யும், கதிரடிப்பு முடியுமுன்னே திராட்சை பழுத்துடும், திராட்சை பறித்து முடியுமுன்னே விதைப்பு வந்துடும் என்று இஸ்ரவேல் மக்களுக்குக் கடவுள் வாக்குக் கொடுக்கிறார்.

சின்ன வயசில் கேட்டப்போ, "நிறைய விளையும்"னு மட்டும்தான் நினைச்சேன். அந்த நாட்டு வெள்ளாமையைத் தெரிஞ்ச பிறகுதான் அர்த்தம் புரிஞ்சுது. அங்கே ஐப்பசி வாக்கில் மழை தொடங்கும், விதைப்பாங்க. பங்குனி, சித்திரையில் வாற்கோதுமை, அடுத்து கோதுமை அறுப்பு, கோடைக் கடைசியில் திராட்சை. 1908-ல் கேசேர் என்ற பழைய ஊரைத் தோண்டியபோது ஒரு சின்னச் சுண்ணாம்புக்கல் கிடைச்சது. கி.மு. 10-ம் நூற்றாண்டுக் கல் என்கிறாங்க. 12 மாசத்து விவசாய வேலையும் அதில் எழுதியிருக்கு.

அப்போ ஆசீர்வாதம்னா, ஒரு விளைச்சலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பானை காயாம இருக்கிறதுதான். இது நமக்குத் தெரியாதா? நம்ம மானாவாரியில் தையில் வந்த தானியம் வைகாசியில் தீர்ந்திடும். ஆனி, ஆடியில்தான் பள்ளிக்கூடச் செலவு வரும், கம்மல் அடகுக்குப் போகும்.

அதுக்கு முந்தின அதிகாரத்திலேயே, நொடிச்சுப் போனவனிடம் வட்டி வாங்காதே என்று இருக்கு. வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காம ஏழைக்கும் பரதேசிக்கும் விடு என்று 19-ம் அதிகாரம் சொல்லுது. நிலம் எவ்வளவு கொடுத்தாலும், இல்லாதவங்க வீட்டுக் காலி மாசத்தை மனுஷங்கதான் நிரப்பணும்.

போன ஆடியில் ஒரு அக்கா தவணை கட்டத் தவறினாங்க. ஊக்குநரா இருந்த நானே 20 ரூபாய் அபராதம் போட்டேன். பேசாம முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாங்க. அடுத்த கூட்டத்துக்கு வரலை. தேடிப் போனப்போதான் தெரிஞ்சுது, அந்த 20 ரூபாயும் கைமாத்து. எனக்குப் பேச்சே வரலை.

இப்போ ஆனி, ஆடித் தவணை தாமதமானால் அபராதம் இல்லைன்னு எங்க குழுவில் தீர்மானம் எழுதிட்டோம். முதல் கையெழுத்து அந்த அக்காதான். நம்ம கூட்டமைப்பும் இதை எல்லாக் குழுவுக்கும் எடுத்துக்கணும்னு கேட்டு முடிக்கிறேன்.